கஞ்சி அடுப்பு ஏன் பற்ற மாட்டேன் என்கிறது?

(திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பாளர்களுக்காக, ரமலானுக்கு முன் நடந்த கூட்டத்தில் அடுப்பு பழுதுபார்க்கும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, பண்டாரி பாய்மார்களே, கஞ்சிக் கொட்டகையில் ஓடியாடி வேலை செய்யும் தம்பிகளே!

எனக்கு மேடைப் பேச்சு வராது. அடுப்பைப் பற்றித்தான் பேசத் தெரியும். முற்பகலிலேயே அடுப்பு பிடித்தால்தான் அஸருக்குள் தேக்சாவை இறக்க முடியும். அஸர் முடிந்ததும் தூக்குவாளியோடு பிள்ளைகள் நிற்பார்கள், அக்கம்பக்கத்து மாற்று மதச் சகோதரர்களும் வருவார்கள். அந்த நாளில் பெல்லட் அடுப்பு பற்றாமல் புகைந்துகொண்டே இருந்தால் நாம் முதலில் தேடுவது மண்ணெண்ணெய் டின்னை. அந்த டின்தான் என் கவலை.

விறகை விட்டு, கேஸை விட்டு, இதற்கு ஏன் வந்தோம் என்பது உங்களுக்கே தெரியும், செலவுதான். 19 கிலோ கேஸ் சிலிண்டர் தரும் சூட்டை ஏறக்குறைய 50, 60 கிலோ பெல்லட் தரும். விலையைப் பெருக்கி நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது புது அடுப்பும் அல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து பி.பி. கம்பெனி 2006-இல் 'ஊர்ஜா' என்ற சின்ன பெல்லட் அடுப்பை வீடுகளுக்கு விற்றது. நம் தமிழ்நாட்டிலும் விற்றார்கள். பிறகு பெல்லட் விலை ஏறியதும் வீடுகளில் அது மூலைக்குப் போய்விட்டது. பெரிய சமையல்கூடங்களில் மட்டும் அந்த வழி நிலைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெல்லட் நேராக எரிவதில்லை. சூடு பட்டதும் அதிலிருந்து ஒரு வாயு கிளம்புகிறது, எரிவது அந்த வாயுதான். அடுப்பின் அடித்தட்டில் உள்ள ஓட்டைகள் வழியாக வரும் காற்று வாயுவைக் கிளப்புகிறது. மேலே விளிம்பைச் சுற்றி உள்ள ஓட்டைகளில் வரும் காற்று அதை எரிக்கிறது. ஆகவே வெள்ளையாகக் குபுகுபுவென்று புகை வந்தால், எரிய வேண்டிய வாயு எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அங்கே எண்ணெய் குறையவில்லை. காற்று குறைந்திருக்கும், அல்லது பெல்லட் ஈரமாக இருக்கும்.

முதலில் ஈரத்தைப் பாருங்கள். ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் பக்கம் இருப்பவர்கள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறீர்கள். மூட்டையைச் சிமெண்ட் தரையில், சுவரோடு சாய்த்து வைத்தால் ஒரே வாரத்தில் அடிமூட்டை பதத்துவிடும். ஒரு பெல்லட்டை எடுத்து ஒடியுங்கள். 'டப்'பென்று ஒடிந்தால் நல்லது. நசுங்கினாலோ தூளாக உதிர்ந்தாலோ வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல பெல்லட் மூழ்கும், மிதந்தால் சரியாக அழுத்தாத சரக்கு. லேசாகப் பதத்ததை வெயிலில் காய வைக்கலாம். உப்பிப் போனதை உரக்குழியில் போடுங்கள். மூட்டைக்கு அடியில் பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, இவ்வளவுதான் செலவு. மூட்டையின் அடியில் தங்கும் தூளையும் அப்படியே கொட்டாதீர்கள். சல்லடையில் சலித்துப் போடுங்கள். தூள் காற்றை அடைத்துவிடும்.

அடுத்து சாம்பல். மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் கொஞ்சம்தான். உமியில் ஐந்தில் ஒரு பங்குவரை சாம்பலாகவே நிற்கும். மண் கலந்த சரக்காக இருந்தால் அது உருகி, கண்ணாடிக்கட்டி மாதிரி அடித்தட்டில் ஒட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் தட்டு சுத்தமாகத்தான் தெரியும். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பாதி ஓட்டையில் வெளிச்சம் வராது. ஆணியால் குத்தி எடுத்துவிடுங்கள். தினம் அடுப்பு ஆறிய பிறகு இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ப்ளோயரைப் பொறுத்தவரை, நான் போகிற இடங்களில் பாதிப் பழுது வெங்காயத் தோல்தான். ப்ளோயர் காற்றை உறிஞ்சும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, நீளமான மெல்லிய ஒயரில் கிரைண்டர், விளக்கு எல்லாவற்றையும் சேர்த்து மாட்டுவது. வோல்டேஜ் இறங்கி ப்ளோயர் சுற்றுவது போலச் சுற்றும், காற்று வராது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

பற்ற வைப்பது மேலிருந்துதான். மேல் ஓட்டைகளுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கும்படி பெல்லட்டை நிரப்புங்கள். மேலே காய்ந்த தேங்காய் நாரும் ஒரு துண்டு சூடமும் வைத்துப் பற்ற வையுங்கள். ப்ளோயர் மிகக் குறைவில் இருக்கட்டும். எடுத்த எடுப்பில் முழுதாகத் திருப்பினால் அது ஊதி அணைத்துவிடும். தீ மேற்பரப்பு முழுவதும் பரவ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் தேக்சா. தண்ணீர் நிறைந்த தேக்சாவை அவசரப்பட்டு ஏற்றினால் அப்போதுதான் பிடித்த தீ குளிர்ந்து, மறுபடி புகை.

அப்படியும் பற்றவில்லையா? தயவுசெய்து எண்ணெய், தின்னர், பெட்ரோல் எதையும் ஊற்றாதீர்கள். உள்ளே சூடும் வாயுவும் நிறைந்திருக்கிறது. ஊற்றினால் தீ குபீரென்று டின்னுக்கே ஏறும். குனிந்து பார்க்கிற முகத்துக்கும் ஏறும். தேக்சாவை இறக்குங்கள், ஒதுங்கி நின்று ஆற விடுங்கள். பெல்லட்டை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து வெளியே வையுங்கள், சாக்கில் வேண்டாம். தட்டைப் பார்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கஞ்சி அரை மணி நேரம் தாமதமாகும், ஆகட்டும். யார் மேலாவது தீ பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மையும் பற்பசையும் தடவாதீர்கள். பெரிய காயமென்றால் உடனே 108.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. புகைகிற அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. தலை வலிக்கும், கிறுகிறுக்கும். நோன்பு வைத்திருக்கும் தம்பி அப்படிச் சொன்னால், "நோன்பு மயக்கம், உட்கார் சரியாகிவிடும்" என்று அந்தக் கொட்டகைக்குள்ளேயே உட்கார வைக்கிறோம். அவரை முதலில் வெளியே காற்றுக்குக் கொண்டு வாருங்கள். மயங்கி விழுந்தால் மருத்துவமனைக்கு. சஹர் சமையலுக்கு, பனி விழுகிறது என்று தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமாவது திறந்து விடுங்கள்.

வெளியே ஒரு பழைய அடுப்பு வைத்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், தட்டைக் கழற்றிக் காட்டுகிறேன். உங்கள் மூட்டையிலிருந்து ஒரு பிடி பெல்லட் கொண்டு வந்தவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், ஒடித்துப் பார்த்துவிடலாம். வஸ்ஸலாம்.