பணியும் வாழ்வும்: பல்கலைக்கழக ஆசிரியரின் இரு கடமைகள்

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களில் பலர் கடை நடத்தியவர்கள். தங்கள் பிள்ளைகள் கல்லாப்பெட்டியைத் தாண்டிப் படிக்க வேண்டும் என்பதே அவர்களின் கவலையாக இருந்தது. அல்லாஹ்வின் அருளால் அக்கவலை பலன் தந்தது. இன்று நம் குடும்பங்களில் விரிவுரையாளர்களும் இணைப் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். ஆனால் அவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று கேட்பது குறைவு. பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நாங்கள் இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறோம்.

“வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தானே வகுப்பு? மற்ற நேரமெல்லாம் ஓய்வுதானே?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வகுப்பு கண்ணுக்குத் தெரியும் வேலை. தெரியாத வேலைகள் பல. பாடத்தைத் தயாரிக்க வேண்டும். விடைத்தாள்களைத் திருத்த வேண்டும். முனைவர் பட்ட மாணவரின் ஆய்வேட்டை வரி வரியாகப் படித்துத் திருப்பித் தர வேண்டும். ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். குழுக் கூட்டங்களில் அமர வேண்டும். இவற்றுக்கு மேல் கட்டுரை வெளியிட வேண்டும். ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திருத்தங்களுக்காகத் திரும்பித் திரும்பி வந்து அச்சேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மறுத்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் நாட்டில் மலாயா, சயின்ஸ், கெபாங்சான், புத்ரா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்கள் 2006-இல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. 2010-இல் தெக்னோலோஜி பல்கலைக்கழகமும் சேர்ந்தது. நாட்டுக்கு இது பெருமை. அதேவேளையில், கட்டுரை எண்ணிக்கையும் மானியத் தொகையும் ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் பெரிய இடம் பிடித்துக்கொண்டன. நல்ல ஆசிரியர் என்று மாணவர்களிடம் பெயர் எடுத்தவர்கூட ஆண்டு இறுதியில் கணக்குக் காட்ட வேண்டியவராகிறார்.

இந்த நிலையில் ஒருவரைப் பணியில் பிடித்து வைத்திருப்பது எது? மேயர், ஆலன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1991-இல் நிறுவன ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். விருப்பத்தால் இருப்பது ஒன்று. விட்டுப் போனால் இழப்பு அதிகம் என்பதால் இருப்பது மற்றொன்று. இருப்பதே கடமை என்று எண்ணி இருப்பது மூன்றாவது. எங்களில் பலரிடம் மூன்றும் கலந்திருக்கின்றன. பாடத்தின் மீது ஆசை உண்டு. வீட்டுக் கடனும், உதவித்தொகையில் படித்துத் திரும்பியதற்கான ஒப்பந்தக் காலமும் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற பொறுப்பும் உண்டு.

விருப்பத்தால் வரும் ஈடுபாடு மனத்துக்குத் தெம்பு தருவது. வேறு வழியில்லை என்று மட்டும் இருந்தால் அது மனிதரை உள்ளிருந்து அரிக்கிறது. விருப்பத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கடைக்குக் கதவடைக்கும் நேரம் உண்டு, ஆராய்ச்சிக்கு இல்லை. வேலையை நேசிப்பவர்தான் இரவு ஒரு மணிக்கும் மடிக்கணினியை மூடாமல் இருக்கிறார்.

பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: தீராத களைப்பு, மனிதர்களிடமிருந்து மனம் விலகுதல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். இரண்டாவது அடையாளத்தை நாங்கள் பெரிதும் அஞ்சுகிறோம். கதவைத் தட்டும் மாணவர் ஒரு தொந்தரவாகத் தெரியத் தொடங்கினால் ஆசிரியத்தின் உயிரே போய்விடுகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. ஆகவே இது மனத்தோடு நிற்கும் செய்தியன்று.

நம் மார்க்கம் இதை அறியாததன்று. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமையைக் கொடுக்கச் சொன்ன வரலாற்றை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதே சரி என்றார்கள். வணக்கத்துக்கே அளவு சொல்லப்பட்டிருக்க, வேலைக்கு அளவு வேண்டாமா?

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இவை. பெருநாள் அன்று, “எப்போது பேராசிரியர் ஆவாய்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “நன்றாகத் தூங்குகிறாயா?” என்று கேளுங்கள். பெண் விரிவுரையாளர்களின் சுமை இரட்டிப்பு என்பதை உணருங்கள். ஸஹருக்கு எழுந்து சமைத்துவிட்டு எட்டு மணி வகுப்புக்குப் போகும் மகளுக்கும் மருமகளுக்கும் வீட்டு ஆண்கள் கை கொடுக்க வேண்டும். மனநல ஆலோசகரை நாடுவதை ஈமானின் குறையாகப் பேசாதீர்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதைப் போன்றதே அதுவும்.

சக ஆசிரியர்களுக்கும் சொல்கிறோம். வாரத்தில் ஒரு நாளாவது மின்னஞ்சலைத் திறக்காமல் குடும்பத்தோடு இருங்கள். எல்லாக் குழுவிலும் பெயர் கொடுக்காதீர்கள். முடியாது என்று பணிவாகச் சொல்லப் பழகுங்கள். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களை மூத்தவர்கள் தேடிச் சென்று பேசுங்கள்.

சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். மாணவர்களுக்கு உதவிநிதி தருவது போல, நம் சமுதாயத்துக் கல்வியாளர்கள் மாதம் ஒருமுறை கூடி மனம் விட்டுப் பேச ஓர் அறை தாருங்கள். தேநீர் போதும், மேடையும் மாலையும் வேண்டாம்.

பிள்ளைகளைப் படிக்க வைப்பது முதல் ஐம்பது ஆண்டுகளின் பணியாக இருந்தது. படித்தவர்கள் உடலும் உள்ளமும் நலமாக நின்று அடுத்தவருக்குக் கற்பிக்கச் செய்வது வரும் ஐம்பது ஆண்டுகளின் பணியாகட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான ஆற்றலைத் தருவானாக. ஆமீன்.