மூச்சு குறைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்
(றொசல்லவுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல பாதைகளை மண்சரிவு மூடியது. மருந்து நாட்டில் இருந்தும் கைக்கு வராத நிலையை அப்போது கண்டோம். லயத்துக்குத் திரும்பும் இந்த நேரத்தில், அப்படியொரு மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் நலோக்சோன்.

கடும் வலிக்குத் தரும் ட்ரமடோல், மோர்பின் மாத்திரைகளும், தூள் என்று சொல்லும் ஹெரோயினும் ஒரே இனம். அளவு மீறினால் மூச்சை அடக்கிவிடும். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

முகாமில் இருந்த நாட்களில் சிலருக்கு இவை கிடைக்காமல் நின்றிருக்கும். அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது உயிரை எடுக்கலாம். இடையில் நின்ற வலி மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் மறுபடி தொடங்காதீர்கள். பெயர் இல்லாத மாத்திரைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

தட்டி எழுப்பியும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாக அல்லது குறட்டைபோல வருகிறது, உதடு நீலமாகிறது, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கிறது என்றால் அது தூக்கம் அல்ல. உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை. டிவிசன் பெயரையும் பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தையும் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால், தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து ஊதலாம். தண்ணீர், பால் எதுவும் ஊற்ற வேண்டாம்.

நலோக்சோன் சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். வேறு காரணத்தால் மயங்கியவருக்குக் கொடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் கையிலும் இது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014 இல் பரிந்துரைத்தது. சில நாடுகளில் மூக்கில் அடிக்கும் மருந்தாக வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். நமக்கு வைத்தியசாலைதான் வழி: டிக்கோயா கிளங்கன் அல்லது நாவலப்பிட்டி. அதனால் இரவில் யாருடைய ஆட்டோ வரும் என்பதை இன்றே பேசி வையுங்கள்.

கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். ஒரு மணித்தியாலம் அளவில் மருந்தின் வேகம் குறைந்து, மூச்சு மறுபடி அடங்கலாம்.

வெட்கத்தாலும் பொலிசுக்குப் பயந்தும் மறைக்காதீர்கள். என்ன எடுத்தார் என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மண்சரிவிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த உயிரை வீட்டுக்குள் இழக்க வேண்டாம்.