ரிப்போர்ட் புத்தகத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

(செவிலியர் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



1987-ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்து 1991-ல் வெளியே போனவள் நான். அன்றைக்கு இங்கே கம்ப்யூட்டர் என்பது முதல்வர் அறையில்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, "செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, நீங்க நர்ஸாவே பேசுங்க, அது போதும்"னார். அந்தத் தைரியத்தில் நிற்கிறேன். நோயாளிகள் ஆஸ்பத்திரியில் கீழே விழாமல் தடுக்க இந்தப் புதிய கருவிகள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதுதான் என் பேச்சு.

முதலில் ஒரு சொந்தக் கதை. 1994-ம் வருஷம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் மெடிக்கல் வார்டு. நாற்பது கட்டில். நைட் டியூட்டிக்கு நானும் ஓர் ஆயாவும். எழுபது வயதுத் தாத்தா ஒருவர், சர்க்கரையும் பிரஷரும் உண்டு, கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நீர் பிரிய மாத்திரை கொடுத்திருந்தோம். கட்டிலுக்கு அடியில் மகன் பாய் விரித்துத் தூங்குகிறான். விடியற்காலை மூன்று மணிக்குத் தாத்தா சத்தமில்லாமல் எழுந்து, கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போயிருக்கிறார். தொப்பென்று சத்தம் கேட்டு ஓடினேன். ஈரத் தரையில் கிடந்தார். "ஏன் தாத்தா என்னைக் கூப்பிடலே?" என்றேன். "நீ பொம்பளைப் புள்ளை, இதுக்கெல்லாம் எப்படிம்மா கூப்பிடறது?" என்றார்.

காலையில் டியூட்டி மாற்ற வந்த சீனியர் சிஸ்டர், "விழுந்தாருன்னு எழுதிடாதே, மெமோ உனக்குத்தான் வரும். பாத்ரூம் பக்கத்துல உட்கார்ந்திருந்தார்னு எழுது"ன்னாங்க. நானும் அப்படியே எழுதினேன். தாத்தா இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படுத்தே கிடக்கிற வயசானவர், வலிக்கத்தான் செய்யும் என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. விழுந்தவர் என்று ரிப்போர்ட்டில் இருந்திருந்தால் அன்று காலையே எடுத்திருப்பார்கள். நடந்து வந்தவர், ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்குப் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இதை ஒரு மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

இது ஏதோ ஒரு வார்டில் நடந்த கதை அல்ல. வீடு, தெரு, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மட்டும் வருஷத்துக்கு 7 லட்சம் முதல் 10 லட்சம் நோயாளிகள் வரை விழுகிறார்கள் என்பது அந்நாட்டு அரசு நிறுவனத்தின் மதிப்பீடு.

யார் விழுவார் என்று முன்கூட்டியே கணிக்க, கனடாவில் பணியாற்றிய ஜேனிஸ் மோர்ஸ் என்ற அம்மையார் 1980-களில் ஓர் அளவுகோல் தந்தார். ஆறே கேள்விகள். தங்கைகளுக்குப் பரீட்சைக்கும் உதவும், நம் தாத்தாவுக்கே போட்டுப் பார்ப்போம். டிரிப்ஸ் இருக்கிறது, 20. ஒன்றுக்கு மேற்பட்ட நோய், 15. கட்டிலைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார், 30. நடை தளர்ந்திருக்கிறது, 10. தன்னால் முடியும் என்று தன் பலத்தை அதிகமாக நினைக்கிறார், 15. முன்பு விழுந்தது இல்லை, 0. மொத்தம் 90. பொதுவாக 45-ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்பார்கள். 1994-ல் எங்கள் வார்டில் யாருக்கும் இந்த அளவுகோல் தெரியாது.

இப்போது கம்ப்யூட்டர் இந்த வேலையை இரண்டு விதமாகச் செய்கிறது. ஒன்று, கேஸ் ஷீட்டைப் படிப்பது. மருந்து, ரத்தப் பரிசோதனை, வயது, நர்ஸ் எழுதும் குறிப்பு எல்லாவற்றையும் பார்த்து, "இன்றைக்கு இவரைக் கவனி" என்கிறது. இரண்டாவது, பார்ப்பது. கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா அல்லது சென்சார் இருக்கும். முகம் தெரியாமல் உருவத்தின் ஆழத்தை மட்டும் காட்டுகிற சென்சாரும் உண்டு. நோயாளி புரள்வதும் வேறு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவதும் வேறு என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். கால் தரையில் படுவதற்குள் நர்ஸுக்குச் செய்தி போகணும் என்பதுதான் நோக்கம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மணி அடித்தால் மட்டும் போதுமா? கட்டிலைவிட்டு எழுந்தால் அலறும் பெட் அலாரத்தை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 16 வார்டுகள், 27,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். 2012-ல் முடிவு வந்தது. அலாரம் அதிகமாகப் பயன்பட்டது, ஆனால் விழுவது குறையவில்லை. நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி என்றால், புதுக் கருவி எவ்வளவு கெட்டிக்காரக் கருவியாக இருந்தாலும், ஓடிவருவதற்குக் கால் இரண்டுதானே!

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த இயந்திரம் எங்கே படித்தது? நாம் எழுதியதைத்தான் படித்தது. ஆயிரக்கணக்கான பழைய குறிப்புகளைக் கொடுத்து, "இவர் விழுந்தார், இவர் விழவில்லை" என்று சொல்லித்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் எழுதிய அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தால், தாத்தா விழாதவர் பட்டியலில்தான் இருப்பார். அவரைப் போன்ற அடுத்த தாத்தாவைப் பார்த்து, "இவருக்குப் பயமில்லை" என்று அது சொல்லும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நன்றாகக் கவனிக்கும் வார்டில், ஆபத்தானவர் என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் விழாமல் தப்பிக்கிறார். நர்ஸின் உழைப்பு தெரியாத இயந்திரம், அவரையும் பயமில்லாதவர் கணக்கில் சேர்த்துவிடும்.

ஆகவே கருவி வாங்கும் நிர்வாகிகள் முதலில் செய்ய வேண்டியது மெமோ கொடுப்பதை நிறுத்துவது. விழுந்ததைச் சொன்ன நர்ஸைத் தண்டிக்கும் ஆஸ்பத்திரியில் விழுவது குறையாது, எழுதுவதுதான் குறையும். அந்தக் கணக்கை நம்பி எத்தனை லட்சம் போட்டுக் கருவி வாங்கினாலும் பயனில்லை.

நம் ஊர் விஷயம் ஒன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் பல இடங்களில் நோயாளி இரவில் தனியாகப் படுத்திருப்பார். நம் பொது வார்டில் கூடவே மகனோ மனைவியோ இருப்பார்கள், கட்டிலிலேயே உட்காருவார்கள், சில நேரம் படுத்தும் விடுவார்கள். அங்கே பழகிய கேமரா இங்கே யாரை நோயாளி என்று எண்ணும்? நம் வார்டில் வைத்துச் சோதிக்காமல் நம்பிவிடக் கூடாது.

ஆனால் அந்த அட்டெண்டர்தான் நம் பலம். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில், பாட்ரீசியா டைக்ஸ் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளரின் குழு ஒரு முறையைச் செய்துபார்த்தது. இவர் ஏன் விழக்கூடும், அதற்கு என்ன செய்யணும் என்று நோயாளியோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் குறித்துக் கட்டில் பக்கத்தில் மாட்டுவது. அவ்வளவுதான். 2020-ல் வெளியான முடிவுப்படி விழுவது 15 சதவீதமும், விழுந்து காயப்படுவது 34 சதவீதமும் குறைந்தன. அன்று அந்த மகனை எழுப்பி, "தம்பி, அப்பா ராத்திரி எழுந்திருப்பார், நீங்கதான் கூடப் போகணும்"னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நீர் மாத்திரையைப் பகலிலேயே கொடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். யூரின் கேனைக் கை எட்டும் இடத்தில் வைத்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் கரண்ட் தேவையில்லை.

தங்கைகளே, தம்பிகளே, நீங்கள் வேலைக்குப் போகும்போது இந்தக் கருவிகள் வந்துதான் இருக்கும். பயப்படாதீர்கள், படித்துக்கொள்ளுங்கள். அது "கவனி" என்று சொன்னால் போய்ப் பாருங்கள். அது ஒன்றும் சொல்லாவிட்டாலும், படுக்கப்போகும் முன் ஒவ்வொரு கட்டிலிலும் "பாத்ரூம் போகணுமா ஐயா?" என்று கேளுங்கள். கூச்சப்பட்டு அவர் கேட்க மாட்டார், நாம்தான் கேட்கணும். யாராவது விழுந்துவிட்டால், "விழுந்தார்" என்றே எழுதுங்கள். எழுதாதே என்று சொல்லும் சீனியர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். நானே ஒரு காலத்தில் என் ஜூனியர்களுக்கு அப்படிச் சொன்னவள்தான். அதற்காக அவர்களிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.