பேச்சுப் பயிற்சிக்கு முதல் நாள் போகும் முன்னே...
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



"அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். அது தப்பு. 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாத குழந்தையைக் காட்டிவிட வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே இலவசம்.

போவதற்கு முன் ஒரு வாரம், குழந்தை சொல்லும் வார்த்தைகளை நோட்டில் எழுதுவோம். தண்ணிக்கு "ண்ணி" என்றாலும் எழுதணும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறதா என்றும் கவனிப்போம். எழுத வராதவர்கள் செல்போனில் படம் பிடிக்கலாம்.

தடுப்பூசி அட்டை, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, பிடித்த பொம்மை, கொஞ்சம் தின்பண்டம் எடுத்துக்கொள்வோம். முதலில் காதுப் பரிசோதனை கேட்போம். காது கேட்காமல் பேச்சு எப்படி வரும்?

அங்கே "பேசுடா, பேசுடா" என்று அதட்ட வேண்டாம். விளையாட விட்டுத்தான் பார்ப்பார்கள். பிறந்ததும் அழுததா, எவ்வளவு நேரம் டி.வி., செல்போன் பார்க்கிறது என்று கேட்டால் மறைக்காமல் சொல்வோம். வீட்டில் என்ன செய்யணும் என்று கேட்டு வருவோம். அங்கே நடப்பது கொஞ்ச நேரம், மீதிப் பயிற்சி நம் வீட்டில்தான்.

பிள்ளை பேசாததற்குத் தாயைக் குறை சொல்லாதீர்கள். பஸ் செலவுக்குத் தயங்கும் உறுப்பினருக்குக் குழுவில் உள்கடன் கொடுப்போம். கூடவே ஒருத்தர் துணைக்கும் போவோம்.