பாறை முதலில், மீன் கடைசியில்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசையோடு கடைக்குப் போகிறவர் கண்ணில் இப்போது முதலில் படுவது நீல வெளிச்சம்தான். கடை இருட்டாக இருக்கும். தொட்டிக்குள் மட்டும் ஊதா கலந்த நீலம். அதில் பச்சையும் ஆரஞ்சுமாக எதையாவது ஒளிர விட்டிருப்பார்கள். அடுத்து அவர் காதில் விழுவது, "பத்தே நாள்ல செட் பண்ணிக் குடுத்துடறோம் சார்" என்ற உறுதிமொழி. பாட்டிலில் அடைத்த பாக்டீரியா, கைபேசியில் இயக்கும் பம்பு, தானே மருந்து ஊற்றிக்கொள்ளும் இயந்திரம் என்று விலைப்பட்டியல் நீளும். அதில் பாறை கடைசி வரியில் இருக்கும். சில பட்டியல்களில் இருக்கவே இருக்காது. இந்த வரிசை தலைகீழானது. பாறை முதலில், மீன் கடைசியில். இன்றைய உரை இதைத்தான் சொல்லப் போகிறது, காதில் தங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறது.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்க வேண்டும், வெப்பம் 25, 26 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும், பம்புகள் தண்ணீரை ஓயாமல் அலைக்கழிக்க வேண்டும் என்பதெல்லாம் நேயர்களில் பலருக்குத் தெரிந்ததே. எந்தக் கடையிலும் இதைச் சொல்லிவிடுவார்கள். கடைகளில் காதில் விழாத பெயர் ஒன்று உண்டு. லீ சின் எங். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இருந்தவர்.

அவர் காலத்துத் தொட்டிகளை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1950களில் கடல்நீர்த் தொட்டி என்றால் அடியில் சரளை, சரளைக்குக் கீழே ஒரு வடிகட்டித் தட்டு, மேலே அலங்காரத்துக்கு வெளுத்துப்போன பவள எலும்புக்கூடுகள். அவற்றின்மேல் பாசி படிந்தால் எடுத்து மறுபடி வெளுப்பார்கள். சுத்தம், சுத்தம், எல்லாவற்றிலும் சுத்தம். சில மீன்கள் அதில் தாக்குப்பிடித்தன. பவளமும் கடல் சாமந்தியும் பெரும்பாலும் மடிந்தன.

லீ அதற்கு நேர் எதிராகப் போனார். கடலிலிருந்து பாறைத் துண்டுகளை அவற்றின்மேல் ஒட்டியிருந்த உயிர்களோடு அப்படியே எடுத்து வந்தார். கடல்நீரை ஊற்றினார், நல்ல வெளிச்சம் விழும்படி வைத்தார், காற்றுக் குமிழிகளை மெல்ல விட்டார். அவ்வளவுதான். வடிகட்டி இல்லை, வெளுப்பு இல்லை, மருந்து இல்லை. அந்தத் தொட்டியில் பவளங்கள் உயிரோடு இருந்தன. அவர் 1961இல் அமெரிக்காவின் டிராபிக்கல் ஃபிஷ் ஹாபியிஸ்ட் இதழில் இதை எழுதினார். இயற்கையின் மீன்தொட்டி என்று பொருள்படும் தலைப்பு. படித்துவிட்டு முயன்ற பலருக்கு அது கைகூடவில்லை. கடற்கரை நகரமான ஜகார்த்தாவில் பாறையும் நீரும் அன்றன்றைக்குப் புதிதாகக் கிடைக்கும். அங்கிருந்து விமானமேறி வெகுதூரம் வரும் பாறையில் பாதி உயிர் வழியிலேயே செத்து அழுகிவிடும். குளிர்நாட்டு ஜன்னல் வெளிச்சமும் ஜகார்த்தா வெயிலும் ஒன்றல்ல. அதனால் லீயின் முறையை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒதுக்கியது தவறு. பாறைக்குள் நடந்த வேலையை அவர்கள் பார்க்கவில்லை.

அந்த வேலை இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது, அது நஞ்சு. பாறையின் மேற்பரப்பில், ஆக்சிஜன் படும் இடத்தில், ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. சரளை வடிகட்டியும் இதுவரை செய்யும். அதற்கு மேல் அதனால் முடியாது. நைட்ரேட் குவிந்துகொண்டே போகும். நுண்துளைகள் நிறைந்த பாறையின் உட்பக்கம் ஆக்சிஜன் எட்டாது. அந்த இருட்டில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விட்டுவிடுகின்றன. வாயு குமிழாகி, நீரைவிட்டே போய்விடுகிறது. மேலே ஒரு வேலை, உள்ளே ஒரு வேலை. ஒரே கல்லில் இரண்டும் நடக்கின்றன. இதற்கு ஈடான இயந்திரம் எந்தக் கடையிலும் இல்லை.

லீயின் கல்லைக் குளிர்நாட்டில் நிலைக்க வைத்தவர்கள் பெர்லின் நகரத்துத் தொட்டிக்காரர்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டீட்ரிஷ் ஸ்ட்யூபர். உயிர்ப்பாறை, பலமான விளக்கு, நுரை பிரிக்கும் ஸ்கிம்மர், சுண்ணாம்புத் தெளிநீர் ஆகிய நான்கையும் சேர்த்துச் செய்த இந்த ஏற்பாட்டை இன்றும் பெர்லின் முறை என்றே சொல்கிறார்கள். சுண்ணாம்புத் தெளிநீரைப் பவளத் தொட்டிக்குக் கொண்டுவந்து பரப்பியவர் பீட்டர் வில்கன்ஸ். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கான கால்சியத்தை நீரிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மண்டி அடியில் படிந்ததும், மேலே தெளிந்ததை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்தக் குறை தீரும். அந்தத் தெளிநீரின் காரம் கடுமையானது, பி.எச். 12ஐத் தாண்டும். ஆகவே சொட்டுத்தான்; ஊற்றக் கூடாது. ஸ்ட்யூபரின் தொட்டியில் இப்படி வளர்ந்த ஒரு மான்கொம்புப் பவளம் கிளை கிளையாக ஒடிக்கப்பட்டு நண்பர்கள் கைமாறி ஐரோப்பா முழுக்கப் போயிற்று, அமெரிக்காவுக்கும் போயிற்று. இன்றைக்கும் அந்த வகைக்கு அவர் பெயர்தான்.

பெர்லினில் சுண்ணாம்பு கொடுத்துப் பவளம் வளர்த்தார்கள். மன்னார் வளைகுடாவில் நாம் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பு எடுத்தோம். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2001இல் கல் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. கடல் குதிரையும் கடல் அட்டையும் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ கரையில் கிடந்தது என்று யாராவது பவளக் கல்லை நீட்டினால் கையை நீட்டக் கூடாது. இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

அப்படியென்றால் நம் ஊரில் பாறைக்கு எங்கே போவது? செய்துகொள்ளலாம். வெள்ளை சிமெண்ட், நொறுக்கிய சிப்பி ஓடு, நிறையக் கல்லுப்பு. மூன்றையும் கெட்டியாகப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து வார்த்து, இறுகியதும் நல்ல தண்ணீரில் போட வேண்டும். கல்லுப்பு கரைந்து போன இடமெல்லாம் துளையாகும். சிமெண்டின் காரம் இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்து, பி.எச். அளவு இறங்கி நின்ற பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும். இது இன்னும் வெறும் கல்தான். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு சிறு கல்லையும் ஒரு கைப்பிடி மணலையும் வாங்கிப் போட்டால், அதிலுள்ள உயிர் மெல்ல மெல்ல எல்லாக் கல்லுக்கும் பரவும். பழைய தொட்டிக்காரர்கள் இதைத் தயங்காமல் தருவார்கள்.

பாட்டில் பாக்டீரியாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள்; அந்தப் பெயரைச் சொல்லியே பாட்டில்களும் விற்றன. திமோத்தி ஹோவனெக்கும் அவர் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகை என்று தெரிந்தது. இப்போது வரும் பாட்டில்களில் சில அம்மோனியாவைச் சீக்கிரம் குறைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை தருவது பாக்டீரியாவை மட்டும். பாறையில் குடியிருக்கும் புழுவும் கடற்பஞ்சும் கண்ணுக்குத் தெரியாத சிற்றிறாலும் எந்தப் பாட்டிலிலும் வராது.

இந்த உரையாளர் வீட்டுத் தொட்டி கல்லும் தண்ணீருமாக மட்டுமே நின்ற நாட்களில், எதிர்வீட்டு அம்மா தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "என்ன தம்பி, இன்னுமா மீன் வாங்கல? காசு இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அன்று ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாளை ஒட்டி அவருக்குக் காட்டியபோது, கல்லின் ஒவ்வொரு துளையிலும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருந்தது. முள்ளுப் புழு ஒன்று விரல் நீளத்துக்கு வெளியே வந்து, மேய்ந்துவிட்டு உள்ளே போயிற்று. விசிறி போன்ற கொண்டையை விரித்த குழாய்ப் புழுக்கள், கண்ணாடியில் துள்ளும் வெள்ளைப் புள்ளிகள். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பேத்தியையும் அழைத்து வந்தார். மீன் எங்கே என்ற கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

தண்ணீர் விஷயத்தில் சுருக்கமாக இரண்டு. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் தாதுக்களை விட்டுவைக்கும். தொட்டிக்கு அது போதாது. ஆர்.ஓ. நீரை அயனி நீக்கும் பிசின் வழியாகவும் விட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே உப்பைக் கலக்க வேண்டும். இல்லையென்றால் சிலிகேட் பழுப்புப் பாசிக்குத் தீனியாகும். செம்பு கலந்திருந்தால் இறாலும் நத்தையும் சாகும். இன்னொன்று, சென்னை வெயிலில் விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்வித்தால் தண்ணீர் வேகமாகக் குறையும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. ஆவியாவது தண்ணீர், உப்பு ஆவியாகாது. இதை இரண்டு முறை சொல்லலாம்: உப்பு ஆவியாகாது.

கரண்டு போனால் பம்பு நிற்கும், ஆக்சிஜன் குறையும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கைபேசியில் இயக்கும் விலையுயர்ந்த பம்பைவிட அதுதான் முக்கியம்.

பிறகு காத்திருப்பு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, பூஜ்யத்தில் நிற்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதோடு முடியாது. முதலில் பழுப்புத் தூள் எல்லாவற்றின்மேலும் படியும். பின் பச்சை மயிர்ப்பாசி. சில தொட்டிகளில் சிவப்பு வழவழப்பு. பார்க்க அருவருப்பாக இருக்கும். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், கடையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து நீட்டுவார்கள். மருந்து வேண்டாம். நத்தைகளை விட்டு, தீனியைக் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வந்தால், ஒன்று தேய்ந்து ஒன்று வரும். உறை போட்ட கல்லில் கடைசியாக ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சுண்ணாம்புப் பாசி பரவத் தொடங்கும். அது கல்லின்மேல் வட்டவட்டமாகப் படரும்போதுதான் தொட்டி நிலைக்கு வந்திருக்கிறது. நீல வெளிச்சத்தில் இந்த நிறங்கள் சரியாகத் தெரியாது என்பதும் இந்த உரையாளருக்கு அந்த விளக்குமேல் உள்ள மனக்குறைகளில் ஒன்று. பகலில் வெள்ளை வெளிச்சம் வேண்டும். நீலம் மாலையில் சிறிது நேரம் போதும்.

இப்போது மீன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. இப்படி வளர்ப்புத் தொட்டியிலேயே பிறந்த ஜோடி ஒன்றை முதலில் விடலாம். கடலில் பிடித்த மீனைவிட அது தீனிக்குச் சீக்கிரம் பழகும், கடலுக்கும் நஷ்டம் இல்லை. இரண்டில் பெரியது பெண். அது இறந்தால் மிஞ்சிய ஆண் பெண்ணாக மாறும். புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். செம்பு கலந்த மருந்து அந்தத் தனித் தொட்டியோடு நிற்க வேண்டும். பாறை அதை உறிஞ்சிக்கொண்டால் பிறகு நத்தையும் இறாலும் அங்கே வாழாது. திரைப்படத்தில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கும் நீல நிற டேங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும்; கூடத்து மூலையில் வைக்கும் தொட்டி அதற்குப் போதாது. மாண்டரின் மீன் உள்ளங்கைக்குள் அடங்கும், அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் அது நாள் முழுக்கப் பாறையில் மேயும் சிற்றிறால்களை மட்டுமே நம்பியிருப்பது. புதுத் தொட்டியில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். கல் பழகி, ராத்திரியில் டார்ச் அடித்தால் கண்ணாடி நிறைய அந்தச் சிற்றிறால்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளுகிற காலம் வரை, ஓராண்டோ அதற்கு மேலோ, மாண்டரினை வாங்க வேண்டாம்.