விருப்பமா, நிர்ப்பந்தமா?

நடுவர் அவர்களே, அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சுருட்டை முடியை நேராக்கிக்கொள்வது அவர்கள் விருப்பம் என்று எதிரணி நண்பர் தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அந்த விருப்பத்தின் லட்சணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1981-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. தலையை ஒட்டி வரிவரியாகப் பின்னுகிற கார்ன்ரோ சடையோடு வேலைக்கு வரக் கூடாது என்று ஒரு கறுப்பினப் பெண் ஊழியரைத் தடுத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். பெரிய மனசு பண்ணி ஒரு வழியும் சொன்னது: சடையைக் கொண்டையாகச் சுருட்டி, மேலே பொய்முடி மாட்டிக்கொள்ளலாம். மாட்டினால் தலை வலிக்கிறதே என்றார் அந்தப் பெண். கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? அப்படியானால் இன்னும் பெரிய பொய்முடியாகப் பார்த்துக்கொள்ளலாமே என்றது! அதோடு விட்டார்களா? வெள்ளைக்கார நடிகை ஒருவர் சினிமாவில் இப்படிப் பின்னிப் பிரபலமாக்கிய பிறகுதான் இவர் பின்னிக்கொண்டு வந்தார் என்பதையும் தீர்ப்பில் ஏற்றினார்கள். ஆப்பிரிக்காவில் பாட்டிக்குப் பாட்டி பின்னிய சடைக்கு ஹாலிவுட்டில் பிறப்புச் சான்றிதழ்! சடைக்குத் தடை போடுவது இனப்பாகுபாடு ஆகாது என்று முடித்துவிட்டார்கள்.

அது அந்தக் காலம் என்பார் நண்பர். 2010-இல் அலபாமாவில் ஒரு பெண்ணுக்கு வேலை தருவதாகச் சொன்ன பிறகு, சடைசடையாகத் திரித்த முடியை வெட்டினால்தான் வேலை என்றார்கள். மறுத்தார், வேலை போயிற்று. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. எல்லாம் விருப்பம்தான் என்றால், முடியைக் காட்டி ஒதுக்கக் கூடாதென்று கலிபோர்னியா 2019-இல் தனிச்சட்டம் போட்டது எதற்கு? வெள்ளைக்காரப் பெண்களும் முடியைச் சுருட்டிக்கொள்கிறார்களே என்கிறார். சுருட்டாததால் அவர்களில் யாருக்கய்யா வேலை போனது?

முடியை நேராக்கப் பூசுகிற ரிலாக்ஸரை விற்றவர்களில் கறுப்பின முதலாளிகளும் உண்டு என்று ஒரு பாயிண்ட். உண்டுதான். யார் விற்றாலும் எரிந்தது யார் தலை? பல ரிலாக்ஸர்களில் இருப்பது காஸ்டிக் சோடா, குழாய் அடைப்புக்கு ஊற்றுகிற அதே சரக்கு. மண்டைத்தோலில் வாசலின் தடவிக்கொண்டு பூச வேண்டும், நிமிடக் கணக்குப் பார்த்துக் கழுவ வேண்டும். தாமதித்தால் கொப்புளம். வேரில் புதுமுடி சுருண்டு வளர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2022-இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு சொல்கிறது: 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, முடியை நேராக்கும் ரசாயனம் தொடாதவர்களுக்கு 1.64 சதவீதம், வருடத்தில் 4 தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05. பயன்படுத்தியவர்களில் சுமார் 60 சதவீதம் கறுப்பினப் பெண்கள். தொடர்புதான் தெரிகிறது, நிரூபணமாகவில்லையே என்று எழுந்து நிற்பார். நிரூபணமாகும்வரை யார் தலையில் பூசிப் பார்ப்பது, நண்பரே? நடுவர் அவர்களே, சோற்றுக்காகப் பூசிக்கொண்டதை அழகுக்காகப் பூசிக்கொண்டதாக எழுதிவிடாதீர்கள். நிர்ப்பந்தமே என்று தீர்ப்பளியுங்கள்.