சீருடை சொல்லும் செய்தி

சீருடை வெறும் அழகுக்காகவா? இன்று இதைச் சிறிது சிந்திப்போம்.

தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் நடந்தது. போயர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். வீட்டு உடுப்போடு குதிரையேறி வந்தவர்கள். ஈராண்டுப் போரில் அவ்வுடுப்புகள் கந்தலாயின. புதுத்துணி வாங்க வழியில்லை. ஆகவே, பிடிபட்ட ஆங்கிலச் சிப்பாய்களின் காக்கிச் சட்டைகளைக் கழற்றித் தங்கள் பழைய உடைகளோடு கலந்து அணிந்துகொண்டனர்.

1901 செப்டம்பர் 17ஆம் நாள், எலண்ட்ஸ் ஆற்றருகே, ஸ்மட்ஸ் என்பாரின் தலைமையில் வந்த போயர்களை ஆங்கிலேயரின் 17ஆவது ஈட்டிக் குதிரைப்படையினர் கண்டனர். காக்கியைப் பார்த்ததும், நம்மவர்கள்தாமோ என்று தயங்கினர். அந்தத் தயக்கம் அவர்களுக்குப் பேரிழப்பாய் முடிந்தது.

பகைவரின் சீருடையை முறைகேடாகப் பயன்படுத்தலாகாது என்று 1899ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை கூறியிருந்தது. காக்கியுடன் பிடிபடும் போயர்களைச் சுட்டுவிடும்படி ஆங்கிலத் தளபதி கிட்சனர் கட்டளையிட்டார். மாற்றுடை இல்லாமல் அதை அணிந்தவர்களும் அதனால் மாண்டனர்.

குளிருக்காக அணிந்தவன் யார், ஏமாற்றுவதற்காக அணிந்தவன் யார்? தூரத்தில் நிற்பவனுக்குச் சட்டைதான் தெரியும், மனம் தெரியாது. போர்க்களத்தில் சீருடை என்பது, 'நான் யார்' என்று வாய் திறவாமல் சொல்லும் சொல். அச்சொல் குழம்பினால் இரு தரப்பிலும் உயிர் போகும்.

“ஒரு சட்டைதானே, மாறினால் என்ன?” என்று நம் பிள்ளைகள் கேட்டால், இவ்வரலாற்றை எடுத்துச் சொல்வோம்.